புள்ளி, பேரேடு, நாணயம்: செட்டிநாட்டு இளம் நிரலாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தேவகோட்டையில் எங்கள் வீட்டு முகப்பில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஏழெட்டுப் பேர் மடிக்கணினியோடு வந்து உட்காருவார்கள். காரைக்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் என்று பல ஊர்ப் பிள்ளைகள். பாதிப் பேர் பொறியியல் படிக்கிறார்கள். மீதிப் பேர் கடைகளுக்கும் மில்களுக்கும் சிறு மென்பொருள் எழுதிக் கொடுத்துச் சம்பாதிக்கிறார்கள். நான் பதினாறு ஆண்டுகள் சென்னையில் தரவுத்தள வேலை (கணினியில் தகவலை அட்டவணைகளாக ஒழுங்குபடுத்தி வைக்கும் வேலை) பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். என்னிடம் வரும் கேள்விகளில் ஒரு பாதி, நிரலாளர்கள் இணையத்தில் கூடும் இடங்களில் நடந்துகொள்வது பற்றியது. மறுபாதி தரவுத்தளம் பற்றியது. இரண்டும் வேறு வேறு என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்கை ஒழுங்காக எழுதுவது என்ற ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள் அவை என்பது போகப் போகத் தெரிந்தது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

‘புள்ளி’ எப்படிச் சேருகிறது?

நம் பிள்ளைகள் அதிகம் போகும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி-பதில் தளத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் எழுதியதற்கு மற்றவர்கள் போடும் வாக்குகளால் அங்கே அவர் பெயரில் சேரும் மதிப்பெண்தான் புள்ளி. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் 2008இல் தொடங்கியது அது. சேரும்போது எல்லோருக்கும் 1 புள்ளி. உங்கள் பதிலுக்கு ஒருவர் ஆதரவு வாக்குப் போட்டால் 10 ஏறும். கேள்வி கேட்டவர் உங்கள் பதிலை ஏற்றுக்கொண்டால் 15, ஏற்றுக்கொண்டவருக்கும் 2. எதிர் வாக்கு விழுந்தால் 2 குறையும். மற்றவருடைய பதிலுக்கு எதிர் வாக்குப் போடுகிறவரும் தன் கணக்கில் 1 இழக்கிறார். யோசிக்காமல் குத்திவிட்டுப் போகக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. வாக்குகளால் ஒரு நாளில் 200க்கு மேல் ஏறாது. அந்த நாள் உலகப் பொது நேரப்படி நடப்பதால் நமக்குக் காலை ஐந்தரைக்குப் பிறக்கிறது.

புள்ளி கூடக் கூட உரிமையும் கூடும். 2000 வந்தால் பிறர் எழுதியதை யாருடைய ஒப்புதலும் இல்லாமல் திருத்தலாம். 3000 வந்தால் ஒரு கேள்வியை மூட வாக்களிக்கலாம். புள்ளி உள்ளவர் கையில் தளத்தின் சாவிக்கொத்தில் ஒரு சாவி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதி நண்பர்கள் ஒருவருக்கொருவர் வாக்குப் போட்டுக்கொள்கிறோம். யாருக்கு என்ன நஷ்டம், அக்கா?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன மழைக்காலத்தில் எங்கள் குழுவில் ஒரு தம்பி 61 புள்ளி வைத்திருந்தான். ஐந்து பதில்கள் எழுதியிருந்தான். ஆறு பேர் பயன்பெற்று வாக்களித்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மாலை அறை நண்பர்கள் நால்வர் அவனுடைய ஐந்து பதில்களுக்கும் வரிசையாக வாக்குப் போட்டார்கள். நால்வருக்கு ஐந்து வீதம் இருபது வாக்குகள். இரவு படுக்கும்போது 261.

ஞாயிறு காலை முகம் வாடி வந்தான். போனை என் முன்னால் நீட்டினான். எண்ணெய் படிந்த திரையில் கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளிக் காட்டினான்: பச்சை நிறத்தில் +10, +10 என்று முந்தின நாள் வரிசை, அதற்கு மேலே சிவப்பில் ஒரே வரியாக -200. “கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகும்போது இருந்தது அக்கா, டீக்கடையில் பார்த்தால் இல்லை” என்றான். அவன் வருத்தம் எனக்குப் புரிந்தது. இருபது நண்பர் வாக்குகள் போனதைவிட, அந்த ஆறு உண்மையான வாக்குகளும் இப்போது சந்தேகத்துக்கு ஆளாகிவிட்டனவே என்ற வலிதான் அது.

நஷ்டம் எங்கே என்று அவனையே தேடச் சொன்னேன். அவனுடைய ஐந்து பதில்களில் ஒன்று, வாடிக்கையாளர் பெயரைக் கொண்டு தேடுவது எப்படி என்ற கேள்விக்கானது. பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் கேட்கும் மொழி) வாக்கியத்தோடு ஒட்டி அனுப்பும் நிரலை எழுதியிருந்தான். அது ஆபத்தானது; ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதே கேள்விக்கு வேறொருவர் பாதுகாப்பான வழியைச் சொல்லி 3 வாக்குகள் வாங்கியிருந்தார். அன்று இரவு முழுவதும் இவனுடைய பதில், நண்பர்களின் 4 வாக்குகளோடு, அதற்கு மேலே நின்றது. அந்த இரவில் எங்கோ ஒரு பெண் நாளைக் காலைக்குள் முடிக்க வேண்டிய வேலைக்காக அந்தப் பக்கத்தைத் திறந்திருப்பாள். மேலே நின்றதை நம்பி எடுத்துக்கொண்டு போயிருப்பாள். நஷ்டம் அவளுக்கு.

வாக்கு என்பது “நான் செய்து பார்த்தேன், சரியாக வந்தது” என்று போடும் சாட்சிக் கையெழுத்து. நம் மொழியில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், சொன்ன சொல் தவறாத குணத்தையும் குறிக்கும். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தவர்கள் ஒருவர் எழுதிய உண்டியலை (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டை) இன்னொருவர் வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தது அந்த இரண்டாவது பொருளை நம்பித்தான். செய்து பார்க்காமல் போடும் வாக்கு, படிக்காமல் போட்ட சாட்சிக் கையெழுத்து. நட்புக்காகப் போட்டாலும் அது பொய்ச் சாட்சிதான். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒருவர் இன்னொருவருக்குத் தொடர்ச்சியாக வாக்களிப்பதைக் கவனிக்கும் நிரல் ஒன்று நாள்தோறும் உலகப் பொது நேரம் 3 மணியை ஒட்டி ஓடுகிறது. நமக்கு அது காலை எட்டரை. எத்தனை வாக்கு, எவ்வளவு நேரத்துக்குள் என்ற அளவை வேண்டுமென்றே வெளியிடுவதில்லை. வெளியிட்டால் அந்த அளவுக்கு ஒன்று குறைவாகப் போடுவார்கள். அதில் தப்புவதை நடத்துநர்கள் கையால் பார்க்கிறார்கள். மீண்டும் மீண்டும் செய்தால் கணக்கு சில நாட்களுக்கு முடக்கப்படும். முடங்கியிருக்கும் வரை எத்தனை ஆயிரம் வைத்திருந்தாலும் பெயருக்குப் பக்கத்தில் 1 என்றுதான் தெரியும்.

தரவுத்தளம் படிப்பவர்களுக்கு இதில் நல்ல பயிற்சி இருக்கிறது. வாக்களித்தவர், பதிலை எழுதியவர் என்று இணை இணையாகக் குழுப்படுத்தி எண்ணுங்கள். ஒருவர் போட்ட 40 வாக்குகளில் 36 ஒரே ஆளுக்குப் போயிருந்தால் அது கண்ணில் குத்தும். அந்த அட்டவணையை அதனுடனேயே இணைத்தால் ‘நீ எனக்கு, நான் உனக்கு’ என்ற இணைகள் தனியே வந்து நிற்கும். மூன்று நான்கு பேர் வட்டமாகச் சுற்றிப் போட்டால் கொஞ்சம் கடினம், ஆனால் அதையும் எழுதலாம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வந்தார்கள் என்பதை வைத்து மட்டும் யாரையும் குற்றவாளியாக்காதீர்கள். ஒரு விடுதி முழுவதும் ஒரே வைஃபையில் இருக்கிறது. கைப்பேசி நிறுவனங்களும் பல ஆயிரம் பேரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ஒரே வகுப்பில் படிக்கும் இருவர் ஒரே பதிலை உண்மையிலேயே பயனுள்ளதாகக் கருதியிருக்கலாம். முகவரி துப்பு மட்டுமே.

ஒருவரே இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். ஒன்று மற்றொன்றுக்கு வாக்களிக்கவோ, பதிலை ஏற்கவோ, புள்ளியைப் பரிசாக மாற்றிக் கொடுக்கவோ கூடாது. இரண்டு கணக்கும் சேர்ந்து ஒரே ஆளால் செய்ய முடியாத எதையும் செய்யக் கூடாது என்பதுதான் விதியின் சாரம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க எனக்கு வேறு உதாரணம் தேவைப்பட்டதில்லை. நகரத்தார் வழக்கில் திருமணமான தம்பதி ஒரு புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்ற ஒன்பது நகரக் கோயில்களில் தங்களுக்குரிய கோயிலில் பதிவாகிறார்கள். திருமணத்துக்கு அந்தக் கோயிலிலிருந்து மாலை வருகிறது. புள்ளி வரி கட்டுகிறார்கள். நான்கு ஊரில் வீடும் மூன்று நாட்டில் தொழிலும் இருந்தாலும் கோயில் ஏட்டில் அந்தத் தம்பதி ஒரு புள்ளிதான். பொதுக் காரியத்துக்கு வரி பிரிக்கும்போது அந்த எண்ணிக்கையை நம்பித்தான் பிரிக்கிறார்கள்.

வேலைக்கு எடுப்பவர்கள் புள்ளியையும் கிட்ஹப் பச்சைக் கட்டங்களையும் பார்க்கிறார்களாமே?

சிலர் பார்க்கிறார்கள். நான் ஆள் எடுத்த காலத்தில் எண்ணைப் பார்த்ததைவிட, ஒருவர் எழுதிய பதில்களில் இரண்டைத் திறந்து படித்ததே அதிகம். கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டாரா, தவறைச் சுட்டிக்காட்டியபோது திருத்தினாரா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கிட்ஹப் என்பது நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்; நாம் வேலை செய்த நாட்களை அது பச்சைக் கட்டங்களாகக் காட்டும். ஆனால் அதற்கு அடியில் உள்ள கிட் மென்பொருளில் ஒரு பதிவின் தேதியை நாமே விருப்பம்போல் வைக்க முடியும். ஆண்டு முழுவதும் பச்சையாக்கும் நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அனுபவமுள்ளவர் ஒரு கட்டத்தைத் தொட்டு உள்ளே பார்த்தால், ஒரே கோப்பில் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்ப்பதும் அழிப்பதுமாக இருப்பது தெரிந்துவிடும்.

2020 அக்டோபரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஆண்டு நிகழ்வில் திறமூலத் திட்டங்களுக்கு (நிரல் எல்லோருக்கும் திறந்திருப்பவை) நான்கு திருத்தங்களை அனுப்பியவர்களுக்கு அப்போது டி-ஷர்ட் கொடுத்தார்கள். அந்த ஆண்டு ஒரு வரி, ஒரு சொல் மட்டும் மாற்றிய பயனற்ற திருத்தங்கள் வெள்ளமாகக் குவிந்தன. ஊதியமில்லாமல் உழைப்பவர்கள் அவற்றை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். நிகழ்வு தொடங்கிய சில நாட்களிலேயே, சம்மதித்த திட்டங்களுக்கு அனுப்பினால்தான் கணக்கு என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. இந்தியாவிலிருந்து போனவை அதில் நிறைய. அந்த வாரம் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

என் கேள்விக்கு எதிர் வாக்குப் போட்டு மூடிவிட்டார்கள். ஆங்கிலம் சரியில்லை என்பதாலா?

பெரும்பாலும் இல்லை. “என் நிரல் ஓடவில்லை, உதவுங்கள்” என்று எழுதியிருப்பீர்கள். மூன்று விஷயங்கள் இருந்தால் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் வரும்: வழுவை மீண்டும் வரவழைக்கும் மிகச் சிறிய நிரல், வந்த பிழைச் செய்தியின் முழு வாசகம், நீங்கள் எதிர்பார்த்தது என்ன என்பது. திரையைப் படமெடுத்து ஒட்டாதீர்கள்; படத்திலிருந்து நிரலை யாரும் நகலெடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. இந்த மூன்றையும் எழுதி முடிப்பதற்குள் பாதி நேரம் விடையே கிடைத்துவிடுகிறது. எங்கள் முகப்பில் இது வாரம் ஒருமுறையாவது நடக்கிறது.

முரட்டுத்தனமாகப் பேசுகிறவர்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களை நான் நியாயப்படுத்தவில்லை. அப்படிப்பட்ட கருத்தைத் தளத்தின் ‘ஃபிளாக்’ (கொடி) வசதியால் முறையிடுங்கள், பதிலுக்குப் பதில் பேசாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு அந்தப் பதிலைப் போடலாமா?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கூடாது. சாட்ஜிபிடி வெளியான சில நாட்களிலேயே, 2022 டிசம்பரில், தடை வந்தது. பார்வைக்குச் சரியாகத் தோன்றும் தவறான பதில்களை நொடியில் எழுத முடிகிறது, சரிபார்க்க மணிக்கணக்காகிறது என்பது காரணம். நீங்கள் கற்றுக்கொள்ள அதைப் பயன்படுத்துவது வேறு. உங்கள் பெயரில் போடுவது, ஓட்டிப் பார்க்காத ஒன்றுக்குக் கையெழுத்துப் போடுவது.

அதிக வாக்கு வாங்கிய பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

தேதியைப் பாருங்கள். பிஎச்பி என்ற நிரல் மொழியில், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தைத் தொடும் பழைய செயற்கூறுகள் 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு எழுதிய பதில்கள் நூற்றுக்கணக்கான வாக்குகளோடு இன்னும் இருக்கின்றன. பொய் வாக்குகள் அல்ல, அந்தந்தக் காலத்தில் உண்மையாகப் பயன்பட்டவை. ஆனாலும் இன்று உதவாது.

பயனர் தட்டச்சு செய்ததை எஸ்கியூஎல் வாக்கியத்தோடு ஒட்டும் நிரலைக் கண்டால் எத்தனை வாக்கு இருந்தாலும் தொடாதீர்கள். தேடல் பெட்டியில் ஒற்றை மேற்கோள் குறியும் ‘அல்லது 1=1’ என்ற பொருள் தரும் துண்டும் போட்டால், ஒருவர் பெயரைத் தேடுவதற்குப் பதில் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் கொட்டும். வாக்கியத்தைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்பும் முறை எல்லா மொழியிலும் உண்டு. அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

எடுத்த நிரலுக்கு மேலே எழுதியவர் பெயரையும் சுட்டியையும் குறிப்பாக இடுங்கள். அங்குள்ள பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. பெயர் குறிப்பிடுவது அதன் நிபந்தனை.

நாங்களே ஒரு கேள்வி-பதில் செயலி எழுதுகிறோம். வாக்கையும் புள்ளியையும் தரவுத்தளத்தில் எப்படி வைப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பெரும்பாலானவர்கள் பயனர் அட்டவணையில் ‘புள்ளி’ என்று ஒரு நெடுவரிசை வைத்து, வாக்கு விழுந்ததும் 10 கூட்டுகிறார்கள். அதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒரு மாதம் கழித்து ஒருவருக்கு ஏன் 261 என்று கேட்டால் சொல்ல வழியில்லை.

என் ஐயா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக (மேலாளுக்கு அடுத்த நிலை ஊழியராக) இருந்தவர். அவர் சொன்ன முறை: நடந்தது நடந்த உடனே குறிப்பேட்டில் ஏறும். அதிலிருந்து ஆள் வாரியாகப் பேரேட்டில் பதியும். கடைசியில் ஐந்தொகை எடுத்துச் சரிபார்ப்பார்கள். இருப்பு என்பது எழுதி வைக்கும் எண் இல்லை, பதிவுகளிலிருந்து வரும் விடை. தவறு நேர்ந்தால் பழைய வரியை அடித்து அழிக்கக் கூடாது. எதிர்ப்பதிவு போட்டு, ஏன் என்று எழுத வேண்டும்.

அதையே செய்யுங்கள். வாக்குக்கு ஓர் அட்டவணை: யார், எந்தப் பதிலுக்கு, மேலா கீழா, எப்போது. வாக்களித்தவரும் பதிலும் சேர்ந்த இணை இரண்டாம் முறை வரக் கூடாது என்று தரவுத்தளத்திலேயே யூனிக் கட்டுப்பாடு போடுங்கள். செயலியில் மட்டும் சோதித்தால், பொத்தானை இரண்டு முறை வேகமாக அழுத்துகிறவர் இரண்டு வாக்குப் போட்டுவிடுவார்; இரண்டு வேண்டுகோளும் ஒரே நேரத்தில் ‘இன்னும் வாக்கு இல்லை’ என்ற விடையைப் பெற்றுவிடும். புள்ளிக்கு இன்னோர் அட்டவணை: யாருக்கு, எந்த வாக்கால், எத்தனை, என்ன காரணம். மோசடி வாக்கை ரத்து செய்யும்போது அங்கே -10 என்று புது வரி எழுதுங்கள். அந்தத் தம்பியின் போனில் பச்சை வரிகள் அழியாமல் இருக்க, மேலே சிவப்பு வரி ஏறியதே, அதுவும் எதிர்ப்பதிவுதான்.

வாக்கின் மதிப்பை வாக்கோடு கலக்காதீர்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்விக்கு விழும் ஆதரவு வாக்கு பல ஆண்டுகள் 5 புள்ளியாக இருந்தது. 2019 நவம்பரில் அதை 10 ஆக்கி, பழைய வாக்குகளுக்கும் சேர்த்து எல்லோருடைய புள்ளியையும் மறுபடி கணக்கிட்டார்கள். வாக்குகள் ஒவ்வொன்றாகப் பதிவில் இருந்ததால்தான் அது முடிந்தது.

ஒவ்வொரு முறையும் கூட்டிப் பார்ப்பது மெதுவாக இருக்கும் என்பீர்கள். சரி, பயனர் அட்டவணையில் மொத்தத்தையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாக்குப் பதிவும் அதுவும் ஒரே பரிவர்த்தனையில் (எல்லாம் நடக்கும், அல்லது எதுவுமே நடக்காது) மாற வேண்டும். மொத்தத்தைப் படித்து, நிரலில் 10 கூட்டி, திரும்ப எழுதாதீர்கள். இரண்டு பேர் ஒரே நொடியில் வாக்களித்தால் இருவரும் 61ஐப் படிப்பார்கள், இருவரும் 71ஐ எழுதுவார்கள், ஒரு வாக்கு காணாமல் போகும். ‘இருப்பதோடு 10 கூட்டு’ என்று தரவுத்தளத்திடமே சொல்லுங்கள். வாரம் ஒருமுறை இரவில் பதிவுகளைக் கூட்டி மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஐயா அதை ஐந்தொகை என்றிருப்பார்.

மைஎஸ்கியூஎல் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று: செக் கட்டுப்பாட்டை (மதிப்பு சரியான எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் விதி) 2019இல் வந்த 8.0.16 பதிப்புக்கு முன்பு அது படித்துவிட்டுக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பழைய சர்வரில் எழுதி வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்.

வட்டிக் கணக்குக்கு ஃப்ளோட் போதுமா?

போதாது. ஃப்ளோட் என்பது தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் கணினி 0.30000000000000004 என்கிறது. பத்தில் ஒரு பங்கை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாததுதான் காரணம். பணத்தை டெசிமல் வகையில் (தசம எண்ணைத் துல்லியமாக வைப்பது) வையுங்கள், அல்லது பைசாவாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள். எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் டெசிமல் வகையே கிடையாது. அங்கே பைசாதான் வழி.

நம் பழைய பின்னங்களை ஏற்ற நினைப்பவர்களுக்கு: முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு, அதாவது 0.003125. ஃப்ளோட்டில் அது சரியாக உட்காராது. ஆறு தசம இடம் கொடுத்த டெசிமலில் மிச்சமில்லாமல் உட்காரும். மாகாணி 0.0625, காணி 0.0125, இவையும் டெசிமலில் அப்படியே உட்காரும்.

ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் தமிழில் வைத்தால் ஏன் இத்தனை வழு வருகிறது?

நீளத்திலிருந்து தொடங்குவோம். காரைக்குடி என்பதில் நமக்கு ஐந்து எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடு முறையில் பத்துக் குறிகள். க் என்பதே ககரமும் அதன் மேல் உள்ள புள்ளியும் சேர்ந்த இரண்டு. இந்தத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில், மூன்று பைட் (கணினி நினைவின் சிறு அலகு) என்பதால் மொத்தம் 30 பைட். மைஎஸ்கியூஎல்லில் 20 நீளமுள்ள வார்கேர் (எழுத்துகளை வைக்கும் நெடுவரிசை வகை) குறிகளை எண்ணுவதால் இடம் போதும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் அதே 20 இயல்பாக பைட்டை எண்ணும். காரைக்குடி உள்ளே போகாது.

அடுத்தது, பார்க்க ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருப்பவை. கோட்டையூரின் முதல் எழுத்தைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்று சேர்த்தும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பழைய எழுத்துருவில் இருந்த முகவரிப் பட்டியலை ஒரு மாற்றி நிரல் வழியாகக் கொண்டுவந்தபோது எங்கள் தரவில் இரண்டு கோட்டையூர் வந்து நின்றன. எதைத் தேடினாலும் பாதி முகவரிதான் வந்தது. உள்ளே எழுதும் முன்பே என்எஃப்சி என்ற ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தளத்தில் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கான செயற்கூறு உள்ளேயே இருக்கிறது.

பிறகு அகர வரிசை. யூனிகோடு எண்களின்படி ‘ன’ நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. ஆகவே எண் வரிசையில் அடுக்கினால் கானாடுகாத்தான் முதலிலும் காரைக்குடி பிறகும் வரும். நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய், காரைக்குடிதான் முன்னால். ஐசியூ என்ற மொழி வசதி நிரல் தொகுப்பின் தமிழ் வரிசையைக் கேட்டு வாங்குங்கள். போஸ்ட்கிரஸ் அதை 2017இல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து ஏற்கிறது.

மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்8 என்று பெயர் வைத்திருந்த பழைய வகை மூன்று பைட்டுக்கு மேல் தாங்காது. தமிழ் மூன்று பைட்தானே என்று இருந்துவிட முடியாது. ஐயாவின் அப்பா எழுதிய நெல் கணக்கு ஏடு ஒன்று வீட்டில் இருக்கிறது. ஓரம் பழுத்த தாள், மரப்பெட்டி வாசனை. பள்ளத்தூர்ப் பெண் ஒருத்தி அதைத் தரவுத்தளத்தில் ஏற்ற முன்வந்தாள். பற்றைக் குறிக்கும் ௶, வரவைக் குறிக்கும் ௷ இரண்டும் ஒழுங்காக ஏறின. மாகாணிக் குறி வந்த வரியில், அந்தக் குறியிலிருந்து மீதி எல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடு 12.0இல் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டவை. அவை நான்கு பைட். கண்டிப்பு முறை (பொருந்தாத தரவை ஏற்காமல் பிழை சொல்லும் அமைப்பு) அணைக்கப்பட்டிருந்த சர்வர் பிழை சொல்லாமல், எச்சரிக்கை ஒன்றோடு, வரியை வெட்டிவிட்டது. நாற்பது வரிகள் ஏறிய பிறகுதான் கவனித்தாள். யூடிஎஃப்8எம்பி4 வகைக்கு மாற்றி, கண்டிப்பு முறையை இயக்கி, மறுபடி முதலிலிருந்து ஏற்றினாள்.

பெயரைப் பொறுத்தவரை, முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால் நம் ஊரில் யாருக்கும் பொருந்தாது. இங்கே பாட்டனார், தந்தை என்று தலைமுறை முதலெழுத்துகள் விலாசமாக வருகின்றன. தமிழில் ‘அழ. சித.’ என்று எழுதுபவரே ஆங்கிலத்தில் ‘ஏஎல். சிடி.’ ஆகிவிடுவார். முழுப்பெயருக்கு ஒரு நெடுவரிசை, தமிழ் விலாசத்துக்கும் ஆங்கில விலாசத்துக்கும் தனித்தனி. எதையும் கட்டாயமாக்காதீர்கள்.

ஒரே மென்பொருளைப் பத்துக் கடைகளுக்கு விற்கிறேன். தரவுத்தளம் ஒன்றா, பத்தா?

செட்டிநாட்டு வீட்டில் வளவு (உள்முற்றமும் சுற்றுப் பகுதியும்) பொது. திருமணமான மகனை ‘வேறு வைத்த’ பின் அவனுக்கு அறையும் அடுப்பும் தனி. சிறிய கடைகள் என்றால் அந்த முறை போதும்: ஒரே தரவுத்தளம், எல்லா அட்டவணையிலும் கடை எண், யூனிக் கட்டுப்பாடுகளிலும் கடை எண் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒரே ஒரு தேடலில் கடை எண்ணை மறந்தால் ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். போஸ்ட்கிரஸில் 9.5 பதிப்பிலிருந்து உள்ள வரி அளவிலான பாதுகாப்பை (அட்டவணையின் எந்த வரியை யார் பார்க்கலாம் என்ற விதி) இயக்கினால் அந்த மறதியைத் தரவுத்தளமே தடுக்கும்.

எந்தத் தரவுத்தளம் நல்லது?

தபாலில் தேன்குழலும் அதிரசமும் அனுப்பும் ஒரு கடைக்கு, ஒரே கணினியில் ஓடுமானால், எஸ்கியூலைட் போதும். அயல் சாவிக் கட்டுப்பாட்டை (ஓர் அட்டவணை குறிப்பிடும் வரி மற்றோர் அட்டவணையில் உண்மையில் இருக்க வேண்டும் என்ற விதி) ஒவ்வொரு இணைப்பிலும் நாம்தான் இயக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள், இயல்பாக அது அணைந்திருக்கும். பலர் ஒரே நேரத்தில் எழுதினால் போஸ்ட்கிரஸ். வாடிக்கையாளர் ஏற்கனவே மைஎஸ்கியூஎல் வைத்திருந்தால் அதையே நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

தமிழில் கேட்க இடம் உண்டா?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்குப் போர்த்துகீசியம், ஸ்பானியம், ரஷ்யம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் தனித் தளங்கள் உண்டு. தமிழுக்கு இல்லை. முதன்மைத் தளத்தில் எளிய ஆங்கிலத்தில் கேளுங்கள். கிடைத்த விடையைத் தமிழில் எங்காவது எழுதி வையுங்கள். அடுத்து தேடும் பிள்ளைக்கு அது கிடைக்க வேண்டும்.

ஒருமுறை மாட்டிக்கொண்டேன். கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?

வேண்டாம். முடக்கத்திலிருந்து தப்பப் புதுக் கணக்கு தொடங்குவது அடுத்த குற்றம். பழைய கணக்கு போனால் நீங்கள் நேர்மையாகப் போட்ட வாக்குகளும் பெரும்பாலும் அதோடு போய்விடும். வாங்கியவர்களுக்குப் புள்ளி குறையும்.

அந்தத் தம்பி அப்படிச் செய்யவில்லை. அன்று மதியமே என் எதிரில் உட்கார்ந்து, பயனர் சொல்லை ஒட்டும் அந்தப் பதிலைத் திறந்து, மதிப்பைத் தனியாக அனுப்பும் முறைக்கு மாற்றி எழுதினான். கீழே, முன்பு எழுதியது ஏன் ஆபத்தானது என்று நான்கு வரி சேர்த்தான். அதன் பிறகு பல மாதம் மாலைகளில் தமிழ் வரிசை பற்றிய கேள்விகளைத் தேடித் தேடிப் பதில் எழுதினான். கடந்த வாரம் பார்த்தபோது 196. அதில் 15, யாழ்ப்பாணத்தில் ஒரு நூலகப் பட்டியலை அகர வரிசையில் அடுக்க முடியாமல் திணறியவர் ஏற்றுக்கொண்ட பதிலுக்கு வந்தது. எங்கள் கானாடுகாத்தான் உதாரணத்தைத்தான் அதில் எழுதியிருந்தான்.